விஎம்முக்கு ஹோஸ்ட் ஃபோல்டரை ஷேர் பண்ண எது நல்லது? வெர்ச்சுவல்பாக்ஸ் ஷேர், 9பி, வெர்ட்டியோஎஃப்எஸ், என்எஃப்எஸ், சாம்பா ஒப்பீடு

"மவுண்ட் ஆயிடுச்சு, ஃபைல் எல்லாம் தெரியுது, ஆனா எழுத விடமாட்டேங்குது." ஆளாளுக்கு வேற வேற மாதிரி கேட்டாலும் கேள்வி கடைசியில இந்த வரியிலதான் வந்து நிக்குது. நாகர்கோவில் கோணம் பக்கம் காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்க விண்டோஸ் லேப்டாப்ல வெர்ச்சுவல்பாக்ஸ் போட்டு உபுண்டு ஓட்டிக்கிட்டு கேக்காங்க, வடசேரியில நாலு பேரு சேந்து வெப்சைட் வேலை பாக்குத ஆபீஸ்ல கேவிஎம் (லினக்ஸ் கெர்னல்லயே இருக்க விஎம் வசதி) வச்சுக்கிட்டு கேக்காங்க, மார்த்தாண்டத்துல லினக்ஸ் மெஷினுக்குள்ள விண்டோஸ் விஎம் போட்டு கல்யாண ஆல்பம் செய்யுத ஸ்டூடியோக்காரரும் கேக்காரு. மூணு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனா நெட்ல தேடுனா மூணு பேருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும், ஒண்ணு "வெர்ட்டியோஎஃப்எஸ்தான் ஸ்பீடு, அதைப் போடு", இல்லன்னா "777 குடுத்திரு, சரியாயிரும்" (777ன்னா எல்லாருக்கும் படிக்க, எழுத, ஓட்ட முழு அனுமதி).

முதல் பதில் பாதி சரி. ரெண்டாவது பதில் சில வழிகள்ல வேலையே செய்யாது, வேலை செய்யுத இடத்துல செய்யவே கூடாது. என் அபிப்ராயம் என்னன்னா ஸ்பீடு எல்லாம் அப்புறம், ஹோஸ்ட்ல அந்த ஃபைலை யாரு பேருல தொடுதாங்க, அந்தப் பேரை முடிவு பண்ணுதது யாரு, இந்த ரெண்டுக்கும் விடை சொல்லிட்டா எந்த வழின்னு பாதி முடிவு ஆயிரும்.

(ஹோஸ்ட்னா கையில இருக்க நிஜ மெஷின், கெஸ்ட்னா அதுக்குள்ள ஓடுத விஎம், அதாவது சாஃப்ட்வேர் மூலமா உண்டாக்குன வெர்ச்சுவல் மெஷின். கீழ எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கேன்.)

## எதை வச்சு முடிவு பண்ணணும்

லினக்ஸ் கெர்னலுக்கு உங்க பேரு தெரியாது, யூஐடி (யூசர் ஐடி) நம்பர்தான் தெரியும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாத்துலயும் முதல்ல உண்டாக்குத யூசருக்கு 1000, முழு அதிகாரம் இருக்க ரூட் யூசருக்கு 0, மேக்ல முதல் யூசருக்கு 501. உபுண்டு டெபியன்ல வெப்சர்வர் ஓடுத யூசருக்கு 33, அதே அப்பாச்சிக்கு ஃபெடோரா, ரெட்ஹாட் பக்கம் 48. கோட்டார்லயும் 33ம் நம்பர் வீடு இருக்கும், குழித்துறையிலயும் இருக்கும், தபால்காரர் ஊர்ப்பேரைப் பாக்காம நம்பரை மட்டும் பாத்து லெட்டரைப் போட்டா என்ன ஆகுமோ அதுதான் ஷேர்டு ஃபோல்டர்லயும் ஆகுது. உபுண்டு கெஸ்ட்ல வெப்சர்வர் எழுதுன ஃபைல் ஃபெடோரா ஹோஸ்ட்ல போய் சம்பந்தமே இல்லாத யாருக்கோ சொந்தமா நிக்கும், இல்லன்னா ஓனர் பேரே இல்லாம வெறும் 33ன்னு காட்டும்.

இந்த நம்பர் விஷயத்தை எல்லா வழியும் மூணு மாதிரியிலதான் கையாளுது. ஒண்ணு, எல்லா ஃபைலுக்கும் ஒரே ஓனர், ஒரே பெர்மிஷன்னு கெஸ்ட்ல சும்மா காட்டுதது (வெர்ச்சுவல்பாக்ஸ் ஷேர், சாம்பா). ரெண்டு, நம்பரை அப்படியே கடத்துதது (வெர்ட்டியோஎஃப்எஸ், என்எஃப்எஸ், 9பியோட பாஸ்த்ரூ மோடு). மூணு, கெஸ்ட் சொல்லுத நம்பரை ஒரு மூலையில எழுதி வச்சுக்கிட்டு ஹோஸ்ட்ல வேற ஓனர் பேருல ஃபைலை வைக்கிறது (9பியோட மேப்டு மோடு). இதுல எது உங்களுக்குன்னு முதல்ல பாருங்க.

அடுத்து கெஸ்ட்ல ரூட்டா இருக்கவன் ஹோஸ்ட்ல என்ன செய்ய முடியும்ங்கிறது. நம்ம விஎம்தானேன்னு இதை யாரும் யோசிக்கிறது இல்ல, ஆனா விஎம் போடுததே சந்தேகமான சாஃப்ட்வேரை அதுக்குள்ள ஓட்டத்தானே.

மூணாவது சின்ன ஃபைல் வேகம். 2 ஜிபி வீடியோ ஒண்ணை காப்பி பண்ணுததுல எல்லா வழியும் சமாளிச்சிரும், நோட் மாடியூல்ஸ் மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் வரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

நாலாவது, ஹோஸ்ட்ல எடிட் பண்ணி சேவ் பண்ணுனா கெஸ்ட்ல ஓடுத டெவ் சர்வருக்கு அது தெரியுமா. இதுல மட்டும் ஒப்பீடே தேவையில்ல, கீழ சொல்லப்போற எல்லா மவுண்ட்டும் இதுல ஃபெயில்தான். ஃபைல் மாறுனா சேதி சொல்லுத லினக்ஸோட ஐநோட்டிஃபைங்கிறது கெஸ்ட் கெர்னல் வழியா நடந்த மாற்றத்தை மட்டுந்தான் சொல்லும், ஹோஸ்ட் பக்கம் நடந்தது அதுக்குத் தெரியாது. அதனால வெப்பேக்லயோ வேற டூல்லயோ போலிங் (ஃபைல் மாறிட்டான்னு அடிக்கடி போய்ப் பாக்குதது) ஆன் பண்ணணும், அது சிபியூவைத் தின்னும், லேப்டாப் ஃபேன் சத்தம் போடும், இந்தச் செலவை எந்த ஷேரை எடுத்தாலும் குடுத்துத்தான் ஆகணும்.

கடைசியா கரண்ட். நம்ம குமரி மாவட்டத்துல தென்மேற்கு மழையும் உண்டு வடகிழக்கு மழையும் உண்டு, அதனால வருஷத்துல பாதி நாள் கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. லேப்டாப்காரங்களுக்குப் பிரச்சினை இல்ல, டெஸ்க்டாப்ல யூபிஎஸ் பேட்டரி பழசாகிப் போனவங்க இதையும் கணக்குல எடுத்துக்கிடணும்.

## வெர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்டு ஃபோல்டர்

விண்டோஸ் லேப்டாப்ல லினக்ஸ் கத்துக்கிடுத பிள்ளைங்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ், வேற எதுக்கும் போகவே வேண்டாம். கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்டுக்குள்ள போடுத துணை சாஃப்ட்வேர்) போடணும், செட்டிங்ஸ்ல ஃபோல்டரைக் காட்டி ஆட்டோ மவுண்ட் டிக் பண்ணணும், அவ்வளவுதான், மீடியா டைரக்டரிக்குள்ள எஸ்எஃப்-னு தொடங்குத பேருல வந்து நிக்கும்.

அப்புறந்தான் பெர்மிஷன் டினைட் வரும். ஏன்னா அப்படி மவுண்ட் ஆகுத ஃபோல்டருக்கு ஓனர் ரூட், குரூப் விபாக்ஸ்எஸ்எஃப், பெர்மிஷன் 770. நீங்க அந்த குரூப்ல இல்லன்னா உள்ள எட்டிப் பாக்கக்கூட விடாது. யூசர்மாட் போட்டு உங்களை அந்த குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி திரும்ப வரணும், இந்த லாக்அவுட்டை விட்டுட்டுத்தான் பாதிப் பேரு இன்னும் வேலை செய்யலைன்னு உக்காந்திருக்காங்க. அப்பாச்சி அந்த ஃபோல்டரைப் படிக்கணும்னா வெப்சர்வர் யூசரையும் அதே குரூப்ல சேக்கணும்.

இங்க 777 வேலைக்கு ஆகாது. சிஹெச்மோடை (பெர்மிஷன் மாத்துத கமாண்ட்) சூடோ போட்டு ரூட் அதிகாரத்துல அடிச்சாலும் விண்டோஸ் ஹோஸ்ட்ல எர்ரரும் வராது மாற்றமும் வராது, ஏன்னா அடியில இருக்கது விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மட், கெஸ்ட்ல தெரியுத ஓனரும் பெர்மிஷனும் மவுண்ட் பண்ணும்போது முடிவானது. மாத்தணும்னா ஆட்டோ மவுண்டை எடுத்துட்டு கையால மவுண்ட் பண்ணி யூஐடி, ஜிஐடி, டிமோடு, எஃப்மோடு ஆப்ஷன்களைக் குடுக்கணும். அதுவும் மொத்த ஃபோல்டருக்கும் ஒரே மாதிரிதான், இந்த ஃபைலுக்கு மட்டும் 600ங்கிற பேச்சே இல்ல. அதனால உங்க யூஐடி குடுத்து மவுண்ட் பண்ணுன ஷேர்ல எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீயை வச்சா பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச் அதை எடுக்காது, பெர்மிஷன் ரொம்ப திறந்து கிடக்குன்னு சொல்லித் தள்ளிரும். கிட் வச்சிருந்தா ஒரு எழுத்துகூட மாத்தாம எல்லா ஃபைலும் மாறிட்டுன்னு காட்டும், அந்த ரெப்போவுக்கு மட்டும் ஃபைல்மோடு செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கிருங்க.

சிம்லிங்க் (வேற ஃபைலைக் காட்டுத குறுக்குவழி) உண்டாக்க விடாது, பாதுகாப்புக்காக வேணும்னே ஆஃப் பண்ணி வச்சிருக்கது அது. என்பிஎம் இன்ஸ்டால் பாதியில விழுறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம், பின் லிங்க் வேண்டாம்னு ஒரு ஆப்ஷன் குடுத்தா போகும். அப்புறம் என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ரெண்டுலயும் சென்ட்ஃபைல் ஆன்ல இருந்தா சிஎஸ்எஸ் மாத்துனாலும் பிரவுசர்ல பழசே வரும், கேஷைத் துடைச்சுத் துடைச்சு வெப்ராளப்பட வேண்டாம், சென்ட்ஃபைலை ஆஃப் பண்ணுங்க.

மைஎஸ்க்யூஎல், மாங்கோடிபி டேட்டா டைரக்டரியை மட்டும் இந்த ஷேர்ல வைக்கவே வைக்காதீங்க. அதெல்லாம் விஎம்மோட சொந்த டிஸ்க்ல இருக்கணும்.

நல்லதையும் சொல்லணும்ல. வெர்ச்சுவல்பாக்ஸ் உங்க யூசர் பேருலதான் ஓடுது, அதனால கெஸ்ட்ல எவன் என்ன எழுதுனாலும் ஹோஸ்ட்ல உங்க பேருலதான் விழும், ரூட் ஃபைல் ஒண்ணும் புதுசா முளைக்காது, கெஸ்ட் ரூட்டால உங்களால முடிஞ்சதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது. லினக்ஸ் ஹோஸ்ட்ல இது சின்ன விஷயம் இல்ல. மறைஞ்ச செலவுன்னா கெஸ்ட் கெர்னல் அப்டேட் ஆகும்போது கெஸ்ட் அடிஷன்ஸ் மாடியூல் திரும்ப பில்ட் ஆகாம ஷேர் காணாம போறது. 5.6ல இருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இதுக்கு டிரைவர் வந்துட்டதால இப்ப தொல்லை குறைவு.

## 9பி

கேவிஎம் வச்சிருக்கவங்களுக்கு ரொம்ப நாளா இருந்த வழி இது. பெல் லேப்ஸ்ல பிளான் 9னு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் செஞ்சாங்களே, அதோட புரோட்டோகால், கேவிஎம்ல விஎம்மை ஓட்டுத கியூஈஎம்யூ புரோகிராம் அதை எடுத்து விர்ட்டியோங்கிற ஹோஸ்ட்-கெஸ்ட் நேர்வழி மேல ஓட்டுது. நெட்வொர்க் வேண்டாம், ஐபி வேண்டாம், தனியா டீமன் (பின்னணியில ஓடுத புரோகிராம்) வேண்டாம்.

பெர்மிஷன் புரிஞ்சுக்கிடணும்னா கியூஈஎம்யூ யாரு பேருல ஓடுதுன்னு பாக்கணும். விர்ட் மேனேஜர்ல சாதாரணமா உண்டாக்குத விஎம் உபுண்டு, டெபியன்ல லிப்விர்ட்-கியூஈஎம்யூங்கிற யூசர் பேருல ஓடும். உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள அந்த யூசர் நுழைய முடியாது, உபுண்டு 21.04ல இருந்து ஹோம் டைரக்டரி பெர்மிஷனே 750. அதனால ஹோமுக்குள்ள இருக்க ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணுனா முதல் படியிலயே முட்டும். மேல இருக்க ஒவ்வொரு டைரக்டரிக்கும் செட்எஃப்ஏசிஎல் போட்டு அந்த ஒரு யூசருக்கு மட்டும் எக்ஸிக்யூட் குடுத்தா போதும், ஹோமை மொத்தமா 777 ஆக்குததெல்லாம் வேண்டாத வேலை. இல்லன்னா ஷேரை ஹோமுக்கு வெளிய, எஸ்ஆர்வி மாதிரி ஒரு இடத்துல வைங்க. ஃபெடோரான்னா எஸ்இலினக்ஸ்ங்கிற கூடுதல் காவலோட லேபிளும் சேந்து மல்லுக்கு நிக்கும்.

மோடு மூணு இருக்கு. பாஸ்த்ரூன்னா நம்பரை அப்படியே வைக்கும், ஆனா ஓனர் மாத்துத அதிகாரம் ரூட்டுக்குத்தான், கியூஈஎம்யூ ரூட்டா ஓடாததால கெஸ்ட்ல சிஹெச்ஓன் (ஓனர் மாத்துத கமாண்ட்) போட்டா தோத்துரும். ஸ்குவாஷ்னா அதேதான், தோத்ததைச் சொல்லாது. மேப்டுன்னா கெஸ்ட் சொல்லுத ஓனர், பெர்மிஷன் எல்லாத்தையும் எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட்ல (ஃபைலோட ஒட்டி இருக்க கூடுதல் குறிப்பு) எழுதி வச்சிரும், கெஸ்ட்டுக்குள்ள இருந்து பாத்தா சிஹெச்ஓன், சிஹெச்மோடு எல்லாம் அழகா வேலை செய்யும். ஹோஸ்ட்ல வந்து பாத்தாத்தான் கதை தெரியும், எல்லா ஃபைலும் லிப்விர்ட்-கியூஈஎம்யூ பேருல 600ல கிடக்கும், உங்க ஃபைலை நீங்களே திறக்க முடியாது, சிம்லிங்க் எல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைலா கிடக்கும்.

அதனால மேப்டு எப்ப நல்லதுன்னா கெஸ்ட் மட்டுமே அந்த ஃபோல்டரைப் பயன்படுத்தும், ஹோஸ்ட்ல இடம் மட்டும் குடுக்கோம்னு இருக்கும்போது. ரெண்டு பக்கமும் எடிட் பண்ணணும்னா வேண்டாம். இதுலயும் ஒரு குழி இருக்கு, பேக்கப். ஆர்சிங்க்ல வெறும் ஏ ஆப்ஷன் மட்டும் போட்டா எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட் வராது, பெரிய எக்ஸ் ஆப்ஷனும் சேக்கணும், பென்டிரைவ்ல எக்ஸ்ஃபேட்ல காப்பி பண்ணுனா சுத்தமா போயிரும். ஃபைல் இருக்கும், ஓனர் விவரம் எல்லாம் காணாம போயிருக்கும்.

வேகமும் சுமார்தான். மவுண்ட்ல எம்சைஸ்னு (ஒரு தடவைக்கு எவ்வளவு டேட்டா போகலாம்ங்கிறது) ஒரு ஆப்ஷன், முன்ன டீஃபால்ட் 8 கேபி, கெர்னல் 5.15ல 128 கேபி ஆச்சு, கையால இன்னும் கூட்டி வச்சா பெரிய ஃபைல் நல்லா போகும், சின்ன ஃபைல்ல பெருசா வித்தியாசம் வராது. கெஸ்ட்ல ரெட்ஹாட் போடப்போறியள்னா 9பியை மறந்துருங்க, அவங்க கெர்னல்ல அதைச் சேக்கலை.

ஒரு இடத்துல மட்டும் எனக்கு 9பி இன்னும் பிடிக்கும். யூசர் செஷன்ல ஓடுத விஎம்ல கியூஈஎம்யூ உங்க பேருலயே ஓடும், அங்க ஸ்குவாஷ் மோடு போட்டா எழுதுத எல்லாம் உங்க பேருலயே விழும். வீட்டு மெஷினுக்கு அது போதும், கொள்ளாம்.

## வெர்ட்டியோஎஃப்எஸ்

லினக்ஸ் ஹோஸ்ட், லினக்ஸ் கெஸ்ட், ரெண்டும் ஓரளவு புதுசுன்னா இன்னைக்கு முதல்ல பாக்க வேண்டியது இதுதான். கெர்னல் 5.4ல 2019ல வந்தது, அதனால கெஸ்ட் உபுண்டு 20.04, டெபியன் 11, அதுக்கு மேலன்னா ஓடும். உபுண்டு 18.04, சென்ட்ஓஎஸ் 7 மாதிரி பழசை இன்னும் ஓட்டுதவங்களுக்கு இல்ல.

செட்டப் கஷ்டமில்ல. விர்ட் மேனேஜர்ல மெமரி பக்கத்துல ஷேர்டு மெமரின்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டாத்தான் ஃபைல்சிஸ்டம் சேக்கும்போது வெர்ட்டியோஎஃப்எஸ் ஓடும், அந்த டிக்கை விட்டுட்டா விஎம் ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு டேக் பேரு குடுக்கணும், கெஸ்ட்ல அந்த டேக் பேரை வச்சு மவுண்ட் பண்ணணும். எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எதை மவுண்ட் பண்ணணும்னு சொல்லுத ஃபைல்) எழுதும்போது நோஃபெயில் ஆப்ஷனைச் சேத்துக்கிடுங்க, இல்லன்னா என்னைக்காவது ஷேர் இல்லாம பூட் ஆகும்போது எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும்.

பெர்மிஷன்ல இது நேர்மையானது. ஹோஸ்ட்ல 1000ன்னா கெஸ்ட்லயும் 1000, சிஹெச்மோடு, சிஹெச்ஓன், சிம்லிங்க் எல்லாம் சொந்த டிஸ்க் மாதிரி எடுக்கும். ரெண்டு பக்கமும் நீங்க 1000 ஆ இருந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம். வெப்சர்வரும் எழுதணும்னா ஹோஸ்ட்லயும் கெஸ்ட்லயும் ஒரே நம்பர்ல ஒரு குரூப் உண்டாக்கி, ஃபோல்டருக்கு செட்ஜிட் பிட் (உள்ள உண்டாகுத ஃபைல் எல்லாம் அதே குரூப்புக்குப் போகும்) போட்டு, கூடவே டீஃபால்ட் யூமாஸ்க்கை 002 (புது ஃபைல்ல குரூப்பும் எழுதலாம்) ஆக்கிட்டா ரெண்டு பேரு ஃபைலும் ரெண்டு பேருக்கும் திறக்கும்.

அதே நேர்மைதான் ஆபத்தும். விர்ட்டியோஎஃப்எஸ்டி டீமன் சாதாரண லிப்விர்ட்ல (விர்ட் மேனேஜருக்கு அடியில விஎம்மை நிர்வாகம் பண்ணுதது) ஹோஸ்ட்ல ரூட்டா ஓடுது. கெஸ்ட் ரூட் அந்த ஃபோல்டர்ல 0 ஓனர்ல செட்யூஐடி (யாரு ஓட்டுனாலும் ஓனர் அதிகாரத்துலதான் ஓடும்) போட்ட ஒரு பைனரியை எழுதி வச்சா அது ஹோஸ்ட்லயும் ரூட் செட்யூஐடி பைனரிதான், ஹோஸ்ட்ல இருக்க சாதா யூசர் ஒருத்தர் அதை ஓட்டுனா கதை முடிஞ்சு. தனி ஆளு மெஷின்ல இது பெரிய விஷயம் இல்லன்னு தோணும், நாலு பேரு லாக்இன் பண்ணுத ஆபீஸ் மெஷின்னா யோசிக்கணும். செய்ய வேண்டியது, ஷேர் ஃபோல்டரை ரூட்டுக்கு மட்டும் திறக்கிற 700 ஃபோல்டருக்குள்ள வைக்கிறது, இல்லன்னா ஷேருக்குத் தனி பார்ட்டிஷன் குடுத்து அதை ஹோஸ்ட்ல நோசூயிட், நோடெவ் (செட்யூஐடியும் டிவைஸ் ஃபைலும் வேலை செய்யாம தடுக்குத ஆப்ஷன்) போட்டு மவுண்ட் பண்ணுதது. முதல் வழியில உங்களாலயும் சாதா யூசரா அதைத் திறக்க முடியாதுங்கிறதால ரெண்டு பக்கமும் வேலை பாக்குத ஃபோல்டருக்கு ரெண்டாவதுதான் சரி. புது லிப்விர்ட்ல, 10.0ல இருந்து, யூசர் செஷன்லயும் இதை ரூட் இல்லாம ஓட்டலாம், ஐடி மேப்பும் குடுக்கலாம்.

இன்னொரு மறைஞ்ச செலவு. பழைய வெர்ஷன்கள்ல இந்த ஷேர் இருந்தா விஎம்மை மெமரியோட சேவ் பண்ண விடாது. யூபிஎஸ் கத்தும்போது ஹோஸ்ட் ஷட்டவுன் ஆகி லிப்விர்ட் விஎம்மை சஸ்பெண்ட் பண்ணப் பாத்து தோத்தா அப்புறம் கரண்ட் பிளக்கைப் பிடுங்குன மாதிரிதான் விஎம் சாகும். லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் செட்டிங்ல சஸ்பெண்டை ஷட்டவுன்னு மாத்தி வச்சுக்கிடுங்க.

விண்டோஸ் கெஸ்ட்ல? வின்எஃப்எஸ்பியும் விர்ட்டியோ டிரைவரும் போட்டா ஓடும். ஆனா அதுக்கு சாம்பாவே மேல்.

## என்எஃப்எஸ்

ஒரே ஃபோல்டர் நாலு விஎம்முக்கு வேணும், நாளைக்கு ஒரு விஎம்மைத் தூக்கி வேற மெஷின்ல வைக்க வேண்டி வரலாம்னா இதுதான். மேல சொன்ன மூணும் ஒரு ஹோஸ்டுக்குள்ள முடிஞ்சு போறது, இது அப்படி இல்ல.

இதுவும் நம்பரைத்தான் நம்புது, ஒரு வித்தியாசம், ரூட்டை மட்டும் நம்பாது. டீஃபால்ட்டா ரூட் ஸ்குவாஷ் ஆன்ல இருக்கும், கெஸ்ட் ரூட் எழுதுனா ஹோஸ்ட்ல நோபடி பேருல, 65534ன்னு விழும். "சூடோ போட்டும் பெர்மிஷன் டினைட்ங்குதே"ன்னு குழம்புதது இதனாலதான், அது கோளாறு இல்ல, காவல். அதைத் தாண்டணும்னு நோ ரூட் ஸ்குவாஷ் போடுததுதான் எல்லாரும் சொல்லிக் குடுக்குத வழி, அது மேல சொன்ன செட்யூஐடி வாசலை நீங்களே திறந்து வைக்கிறது.

அதை விட நல்ல வழி ஆல் ஸ்குவாஷ். எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல அதைப் போட்டு அனான் யூஐடி, அனான் ஜிஐடி ரெண்டுக்கும் 1000 குடுத்தா எந்த விஎம்ல எவன் எழுதுனாலும் ஹோஸ்ட்ல 1000க்கு விழும். சிஹெச்ஓன் வேலை செய்யாது, போகட்டும், ஆபீஸ் ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல சிஹெச்ஓன் எதுக்கு.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது எல்லாருக்கும்னு ஸ்டார் போடாதீங்க, அந்த வைஃபைல இருக்க யாரு வேணாலும் மவுண்ட் பண்ணிரலாம். லிப்விர்ட்னா டீஃபால்ட் நெட்வொர்க் 192.168.122, வெர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்ட்-ஒன்லின்னா 192.168.56, அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் குடுங்க. கெஸ்ட்லயும் அந்த ஐபியை வச்சே மவுண்ட் பண்ணுங்க, வைஃபை ஐபியை வச்சா வீட்டு ஃபைபர் போய் ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுன உடனே மவுண்ட் அப்படியே உறைஞ்சு நிக்கும், டெர்மினல்ல எல்எஸ் அடிச்சாக்கூட திரும்ப வராது. சாஃப்ட் மவுண்ட் போட்டா உறையாது, ஆனா எழுதிக்கிட்டிருந்தது பாதியில போகலாம், எழுதுத ஃபோல்டருக்கு ஹார்டுதான். வேகத்துக்காக அசிங்க் போடச் சொல்லுவாங்க, கரண்ட் போனா எழுதிட்டதா நினைச்ச ஃபைல் டிஸ்க்ல இருக்காது, நம்ம ஊருக்கு சிங்க் போதும். வெர்ச்சுவல்பாக்ஸ் நாட் மோடுல இருந்து மவுண்ட் பண்ணுனா போர்ட் நம்பர் 1024க்கு மேல வாறதால சர்வர் தள்ளிரும், ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் ஒண்ணு சேத்தா தலைவலி இல்ல.

## சாம்பா

ஒரு பக்கம் விண்டோஸ் இருந்தா இது. ஆல்பம் ஸ்டூடியோக்காரருக்கு நான் சொல்லுதது இதுதான், லினக்ஸ் ஹோஸ்ட்ல சாம்பா போட்டு ஃபோர்ஸ் யூசர்ல உங்க பேரைக் குடுத்துட்டா விண்டோஸ் விஎம்ல இருந்து விழுத ஃபைல் எல்லாம் உங்க பேருலதான் விழும், யூஐடி பேச்சே கிடையாது. சாம்பா பாஸ்வேர்டு தனி, லினக்ஸ் பாஸ்வேர்டு இல்ல, எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கமாண்ட்ல வைக்கணும். பாஸ்வேர்டு இல்லாம யாரு வேணாலும் நுழையுத ஷேரா விடலாம்னு பாக்காதீங்க, புது விண்டோஸ் 11 ப்ரோ அதை டீஃபால்ட்டா ஏத்துக்கிடாது.

லினக்ஸ் கெஸ்ட்ல இருந்து விண்டோஸ் ஷேரை எடுக்கும்போது யூஐடி, ஜிஐடி, ஃபைல் மோடு, டைரக்டரி மோடு எல்லாம் மவுண்ட் ஆப்ஷன்ல குடுக்கணும், வெர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியேதான். பாஸ்வேர்டை எஃப்எஸ்டேப்ல எழுதாம 600 போட்ட கிரெடென்ஷியல்ஸ் ஃபைல்ல வைங்க.

ஸ்டூடியோவுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் விஎம்ல ரான்சம்வேர் வந்தா எழுத முடியுத ஷேர் மொத்தமும் சேந்து போகும். ஒரிஜினல் போட்டோ இருக்க ஃபோல்டரைத் தனி ஷேரா ரீட் ஒன்லில குடுங்க, எடிட் பண்ணி முடிச்சதுக்கு மட்டும் எழுதுத ஷேர். ரீட் ஒன்லியை ஹோஸ்ட் பக்கம்தான் வைக்கணும், கெஸ்ட்ல ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணுதது சும்மா கண்துடைப்பு, கெஸ்ட்ல அதிகாரம் இருக்கவன் ஒரு கமாண்ட்ல திரும்ப மாத்திருவான். இது எல்லா வழிக்கும் பொருந்தும்.

## எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ், அப்புறம் ஷேரே பண்ணாம இருக்கது

எஸ்எஸ்ஹெச் லாக்இன் இருந்தா போதும், வேற ஒண்ணும் வேண்டாம், எந்த யூசரா லாக்இன் பண்ணுதியளோ அந்த யூசர் பேருல ஃபைல் தொடப்படும். வேற யூசர் பாக்கணும்னா அலவ் அதர் ஆப்ஷன், அதுக்கு ஃப்யூஸ் கான்ஃபிக்ல ஒரு வரி. மெதுவுதான், என்கிரிப்ஷன் சிபியூவை எடுக்கும். அவசரத்துக்கு எடுத்துக்கிடலாம்.

ஆனா இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. வெப் வேலை பாக்குதவங்க ப்ராஜெக்டை ஹோஸ்ட்ல வச்சு கெஸ்டுக்கு ஷேர் பண்ணணும்னு யாரு சொன்னா? கெஸ்ட்டோட சொந்த டிஸ்க்ல வைங்க, விஎஸ் கோட் ரிமோட் எஸ்எஸ்ஹெச் வச்சு உள்ள போய் எடிட் பண்ணுங்க. ஓனர், சிம்லிங்க், சின்ன ஃபைல் வேகம், ஐநோட்டிஃபை எல்லாப் பிரச்சினையும் ஒரே அடியில போச்சு. விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுத வசதி) வச்சிருக்கவங்களுக்கும் இதேதான், சி டிரைவை லினக்ஸ் பக்கம் 9பி வழியாத்தான் காட்டுது, ப்ராஜெக்டை லினக்ஸ் ஹோமுக்குள்ள வச்சா அந்த மெதுவே இல்ல. வடசேரி ஆபீஸ்காரங்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான், ஷேர் எல்லாம் ரெண்டாவது. செலவு என்னன்னா விஎம் ஆஃப்ல இருந்தா ஃபைல் கையில இல்ல, பேக்கப் விஎம்முக்கு உள்ள இருந்து எடுக்கணும், கரண்ட் போய் டிஸ்க் இமேஜ் கெட்டா ப்ராஜெக்டும் சேந்து போகும். தினமும் கிட் புஷ் பண்ணுதவங்களுக்குப் பயமில்ல.

விஎம்மோட டிஸ்க் பார்ட்டிஷனை ஹோஸ்ட்லயும் ஒரே நேரத்துல மவுண்ட் பண்ணி ஷேர் பண்ணலாமான்னும் சிலர் கேக்காங்க. கூடாது. இஎக்ஸ்டி4ஐ ரெண்டு கெர்னல் ஒரே நேரத்துல எழுதுனா ஃபைல்சிஸ்டம் நாசமாயிரும்.

## ஒரே பார்வையில

| வழி | ஹோஸ்ட்ல ஓனர் யாரு | கெஸ்ட்ல சிஹெச்ஓன் | யாருக்கு | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|
| வெர்ச்சுவல்பாக்ஸ் ஷேர் | விஎம் ஓட்டுத நீங்க | கிடையாது | விண்டோஸ் லேப்டாப் மாணவர் | சிம்லிங்க், சென்ட்ஃபைல், கீ பெர்மிஷன் |
| 9பி மேப்டு | கியூஈஎம்யூ யூசர் | உண்டு, கெஸ்டுக்குள்ள மட்டும் | கெஸ்ட் மட்டும் தொடுத ஃபோல்டர் | பேக்கப்ல ஓனர் விவரம் போகும் |
| வெர்ட்டியோஎஃப்எஸ் | கெஸ்ட் நம்பர் அப்படியே | உண்டு | லினக்ஸ் மேல லினக்ஸ், ஒரே ஹோஸ்ட் | செட்யூஐடி ஆபத்து, சேவ் தொல்லை |
| என்எஃப்எஸ் ஆல் ஸ்குவாஷ் | நீங்க சொன்ன ஒரு நம்பர் | கிடையாது | பல விஎம், பல மெஷின் | ஐபி மாறுனா உறையும் |
| சாம்பா | ஃபோர்ஸ் யூசர் | கிடையாது | விண்டோஸ் கெஸ்ட் | தனி பாஸ்வேர்டு, ரான்சம்வேர் |
| ஷேர் இல்லாம ரிமோட் எடிட் | கெஸ்ட் டிஸ்க்ல, ஹோஸ்ட் தொடாது | உண்டு | வெப் டெவலப்பர் | பேக்கப் உங்க பொறுப்பு |

தமிழ்ல ஃபோல்டர் பேரு வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. "கொல்லங்கோடு"ன்னு பேரு வச்சா அதுல வாற கொ, கோ ரெண்டையும் யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், ரெண்டு குறியா உடைச்சும் எழுதலாம். பழைய மேக் ஃபார்மட்டான ஹெச்எஃப்எஸ் பிளஸ் உடைச்சுத்தான் வைக்கும், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற பேரு. மேக் ஹோஸ்ட்ல இருந்து ஷேர் பண்ணி லினக்ஸ் கெஸ்ட்ல ஸ்கிரிப்ட் ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியுத ஃபோல்டர் இல்லன்னு எர்ரர் வந்தா பெர்மிஷனைத் தோண்டாதீங்க, இதைப் பாருங்க.

எந்த வழியைப் போட்டாலும் வேலையைத் தொடங்குததுக்கு முன்ன ஒரு சோதனை பண்ணிருங்க. கெஸ்ட்ல உங்க பேருல ஒரு ஃபைல், சூடோ போட்டு ஒரு ஃபைல், வெப்சர்வர் யூசர் பேருல ஒரு ஃபைல்னு மூணை உண்டாக்குங்க, ஹோஸ்ட் லினக்ஸோ மேக்கோன்னா அங்க வந்து எல்எஸ் கமாண்டை எல், என் ஆப்ஷனோட அடிச்சு பேரு இல்லாம வெறும் நம்பரைப் பாருங்க. மூணும் ஒரே நம்பர்னா எல்லாத்துக்கும் ஒரே ஓனர் போடுத வழி, மூணும் வேற வேறன்னா நம்பர் அப்படியே கடக்குது. சூடோ போட்ட ஃபைலுக்கு நேரா 0ன்னு இருந்தா கெஸ்ட்ல ரூட் பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்திருக்கியளோ அவங்களுக்கு அந்த ஃபோல்டர்ல உங்க ஹோஸ்ட்டோட ரூட் அதிகாரத்தையும் குடுத்திருக்கியள்.